ஸ்பேனியல் நம் வீட்டுக்கு ஆகுமா? வடசென்னையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய வண்ணாரப்பேட்டையில் எங்கள் வீட்டில் ஒன்பது வருஷமாக ஒரு காக்கர் ஸ்பேனியல் இருக்கிறது. பொன்னிற முடி. பெயர் மணி, பாட்டி வைத்தது. சாயங்காலம் அதை நடத்திக்கொண்டு போனால் யாராவது ஒருவர் வண்டியை ஓரம் கட்டி, "இதே மாதிரி ஒண்ணு வாங்கலாம்னு இருக்கோம், வீட்டுக்குச் சரிப்பட்டு வருமா?" என்று கேட்பார். அவருக்குப் பதில் சொல்லி முடிப்பதற்குள் மணி குப்பைத்தொட்டிக்குப் பின்னால் ஒரு மீன் தலையைக் கண்டுபிடித்திருக்கும். அதனால்தான் எழுதியே வைத்துவிட்டேன். நான் கால்நடை டாக்டர் இல்லை, நாய் விற்பவனும் இல்லை.

ஸ்பேனியல் என்றால் காக்கர்தானே?

காக்கரும் ஒன்று. ஸ்பேனியல் என்பது ஒரு வகையறா. புதருக்குள் பதுங்கிய பறவையைக் கிளப்பிவிடவும், சுட்டு விழுந்ததைக் கவ்விக்கொண்டு வரவும் வளர்க்கப்பட்ட வேட்டை நாய்கள். வுட்காக் என்ற பறவையை வைத்து வந்த பெயர்தான் காக்கர். நம் பக்கம் கண்ணில் படுவது இங்கிலீஷ் காக்கரும் அமெரிக்கன் காக்கரும். இங்கிலீஷ் காக்கர் 13, 14 கிலோ இருக்கும், முகம் நீளம். அமெரிக்கன் அதைவிடக் கொஞ்சம் சின்னது, தலை உருண்டை, மூக்கு குட்டை, முடி இன்னும் அடர்த்தி. விற்பவர்கள் இரண்டையும் "காக்கர்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார்கள். நீங்கள் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள், முடி வேலையில் இரண்டுக்கும் நிறைய வித்தியாசம்.

ஸ்பிரிங்கர் ஸ்பேனியல் 20 கிலோவைத் தாண்டும். நாள் முழுக்க வயலில் ஓடப் பிறந்தது. அதை நம் தெருக்களில் வளர்ப்பது அதற்குச் செய்யும் பாவம் என்பது என் கருத்து. கவேலியர் கிங் சார்லஸ் என்று ஒன்று உண்டு, 5 முதல் 8 கிலோதான். இங்கிலாந்தின் இரண்டாம் சார்லஸ் மன்னர் செல்லமாக வளர்த்த குட்டி ஸ்பேனியல்களை வைத்து வந்த பெயர். சாதுவிலும் சாது, ஆனால் அந்த இனத்துக்கு இதய வால்வு நோய் மிகவும் சாதாரணம். தாய் தகப்பனின் இதயப் பரிசோதனைச் சீட்டைப் பார்க்காமல் வாங்க வேண்டாம். கீழே வருவதெல்லாம் பெரும்பாலும் காக்கரைப் பற்றி.

நாங்கள் இருவரும் வேலைக்குப் போகிறோம். பிள்ளைகள் ஸ்கூலுக்குப் போய்விடுவார்கள். வளர்க்கலாமா?

யார் கேட்டாலும் நான் திருப்பிக் கேட்பது இதைத்தான்: காலை பத்திலிருந்து சாயங்காலம் ஐந்து வரை வீட்டில் யார் இருப்பார்கள்? "யாரும் இல்லை" என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுவேன்.

ஸ்பேனியல் மனிதனோடு ஒட்டிக்கொண்டே வேலை செய்யப் பழகிய நாய். தனியாகச் சுற்றி முடிவெடுக்கும் நாட்டு நாயின் சுபாவம் அதற்கு இல்லை. நீங்கள் சமையலறைக்குப் போனால் சமையலறை, பாத்ரூமுக்குப் போனால் பாத்ரூம் வாசல். ஏழு எட்டு மணி நேரம் பூட்டிய வீட்டில் விட்டால் ஊளையிடும், கதவைப் பிறாண்டும், சில நாய்கள் தன் காலையே நக்கி நக்கிப் புண்ணாக்கிக்கொள்ளும். பக்கத்து வீட்டுக்காரர் மூன்றாம் நாள் வந்து கதவைத் தட்டுவார், அவர்மேல் தப்பும் சொல்ல முடியாது.

எங்கள் வீட்டில் அம்மா இருக்கிறார். அதனால்தான் மணி இருக்கிறது.

காது, காது என்கிறீர்களே, அப்படி என்ன?

இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். ஸ்பேனியல் வைத்திருப்பவரின் காசும் நேரமும் போவது இங்கேதான்.

அந்தத் தொங்கும் காதுதான் அழகு, அதே காதுதான் தொல்லை. மடல் கனமாகக் காதுத் துளையை மூடிக்கொள்கிறது. உள்ளே காற்று போவதில்லை, காதைச் சுற்றி முடி வேறு. நம் ஊரில் வருஷத்தில் பாதி நாள் துவைத்த துணியே ஒழுங்காகக் காயாத புழுக்கம். அந்த ஈரமும் சூடும் சேர்ந்தால் ஈஸ்ட்டும் கிருமியும் பெருகும். முதல் அறிகுறி வாசனை. மடலைத் தூக்கி முகர்ந்து பாருங்கள். நல்ல காதுக்குப் பெரிதாக வாசனை இருக்காது. கெட்டுப்போன காதில், ராத்திரி மூடாமல் விட்ட இட்லி மாவு மாதிரி ஒரு புளித்த வீச்சம் வரும். அதற்கப்புறம் தலையை ஆட்டுவது, காலால் சொறிவது, பழுப்பாக அழுக்கு வருவது. அப்படியே விட்டால் துளை தடித்துச் சுருங்கி, ஆபரேஷன் வரை போகும்.

நாங்கள் செய்வது இது. வாரம் ஒருமுறை, குளிப்பாட்டிய நாளில் கட்டாயம், டாக்டர் எழுதிக் கொடுத்த காது கழுவும் மருந்தைத் துளைக்குள் தாராளமாக ஊற்றுவோம். காதின் அடிப்பகுதியை வெளியிலிருந்து பிசைந்தால் சளக் சளக் என்று சத்தம் வரும். அரை நிமிஷம் பிசைந்துவிட்டுப் பின்னால் நகர்ந்துகொள்ள வேண்டும், ஏனென்றால் அது தலையை ஒரு ஆட்டு ஆட்டும், எதிர் சுவர் வரை தெறிக்கும். பிறகு பஞ்சை விரலில் சுற்றி, விரல் போகும் தூரம் மட்டும் துடைப்பது. பட்ஸ் வேண்டாம், அழுக்கை உள்ளே தள்ளிவிடும். தேங்காய் எண்ணெயைக் காய்ச்சி விடுகிற பாட்டி வைத்தியமும் வேண்டாம். எங்கள் பாட்டியே ஒருமுறை விட்டார். பத்து நாள் வேப்பேரி கால்நடை ஆஸ்பத்திரிக்கு நடந்தோம்.

சாப்பாட்டு நேரத்தில் இன்னொரு கூத்து. அகலமான தட்டில் வைத்தால் இரண்டு காதும் தயிர் சாதத்தில் முங்கும், காய்ந்தபின் எறும்பு வரும். வாய் குறுகின, ஆழமான கிண்ணம் வாங்குங்கள். எங்கள் வீட்டில் தங்கையின் பழைய துணி ஹேர்பேண்டால் காதைத் தலைக்கு மேல் கட்டிவிட்டுத்தான் சாப்பாடு.

வடசென்னை வெயிலைத் தாங்குமா?

நிழலும் ஃபேனும் தண்ணீரும் இருந்தால் தாங்கும். ஏசி கட்டாயம் இல்லை. தகர ஷீட் போட்ட மொட்டை மாடி அறையில் கட்டிப்போடுவதாக இருந்தால் தாங்காது. கத்திரி வெயில் நாட்களில் காலை ஆறரைக்குள் ஒரு நடை, ராத்திரி ஏழரைக்கு மேல் ஒரு நடை. தார் ரோட்டில் புறங்கையை வைத்துப் பாருங்கள். ஏழு எண்ணும்வரை உங்களால் வைத்திருக்க முடியவில்லை என்றால் அதன் பாதத்துக்கும் முடியாது. மூச்சிரைப்பு நிற்காமல், எச்சில் கெட்டியாகி, ஈறு கறுஞ்சிவப்பாகி, தள்ளாடினால் அது ஹீட் ஸ்ட்ரோக். குழாய்த் தண்ணீரால் நனைத்து, ஃபேன் போட்டு, அப்படியே ஆட்டோவில் ஏற்றி டாக்டரிடம் கொண்டுபோங்கள்.

மூன்று வயசுக் குழந்தை இருக்கிறது. கடிக்காதே?

எந்த நாயும் கடிக்கும். காக்கர் பொதுவாகக் குழந்தைகளிடம் குழையும் நாய்தான். ஆனால் அதற்கு ஒரு கெட்ட பழக்கம் வரலாம்: கையில் கிடைத்ததைத் தன் சொத்தாக்கிக்கொள்வது. ஒரு சாக்ஸ், டிஷ்யூ காகிதம், கீழே விழுந்த முறுக்கு. சோபாவுக்கு அடியில் அதை வைத்துக்கொண்டு படுத்திருக்கும்போது குழந்தை கையை விட்டால் உறுமும், அதையும் மீறினால் பல் படும். குட்டியிலிருந்தே பிடுங்காமல் மாற்றிக்கொடுத்துப் பழக்க வேண்டும். சாக்ஸைக் கொடு, ஒரு துண்டு சிக்கன் வாங்கிக்கொள். மணிக்கு இப்போது இது வியாபாரமே ஆகிவிட்டது. பசித்தால் சாக்ஸைத் தூக்கிக்கொண்டு வந்து நிற்கிறது.

குழந்தைக்கும் விதி உண்டு. சாப்பிடும் நாயை, தூங்கும் நாயைத் தொடக் கூடாது, காதைப் பிடித்து இழுக்கக் கூடாது. மூன்று வயசுக்கு விதி புரியாது, அதனால் பெரியவர் ஒருவர் இல்லாமல் இரண்டையும் ஒரே அறையில் விடாதீர்கள். ஒரே நிறக் காக்கர்கள் திடீரென்று வெறிகொண்டு கடிக்கும் என்று ஒரு பேச்சு உண்டு. அப்படி ஒரு கோளாறு சொல்லப்படுவது உண்மை, ஆனால் மிக அரிது. நடைமுறையில் "திடீரென்று கடித்தது" என்று வரும் கதையைத் துருவிக் கேட்டால், வலிக்கிற காதை யாரோ தொட்டிருப்பார்கள்.

குழந்தைக்கு ஆறு ஏழு வயசானபின் வாங்கினால் எல்லோருக்கும் நிம்மதி.

வீட்டில் வயதானவர்கள் இருக்கிறார்கள்.

துணைக்கு இதைவிட நல்ல நாய் இல்லை. ஆபத்து காலடியில்தான். முழங்கால் உயரத்துக்கு, சத்தமில்லாமல் பின்னாலேயே வந்து படுத்துக்கொள்ளும். பாட்டி இரண்டு தடவை தடுக்கி, ஒரு தடவை விழுந்தார். கழுத்தில் சின்ன மணி கட்டிய பிறகுதான் பெயரும் பொருந்தியது, பயமும் குறைந்தது. இன்னொன்று, சில காக்கர்கள் சந்தோஷம் தாங்காமல் நின்ற இடத்திலேயே சிறுநீர் விட்டுவிடும், குட்டியில் அதிகம். மாப்பிள்ளை வீட்டார் உள்ளே நுழையும் நேரத்தில் சரியாக அது நடக்கும். திட்டினால் இன்னும் கூடும்.

ஒண்டுக்குடித்தனம், ஃப்ளாட், ஹவுசிங் போர்டு. இங்கெல்லாம் வைத்துக்கொள்ளலாமா?

இடத்தைப் பொறுத்தவரை காக்கருக்கு 400 சதுர அடி போதும், இரண்டு வேளை நன்றாக நடத்தினால். ஃப்ளாட் சங்கம் நாய் வளர்க்கவே கூடாது என்று தடை போட முடியாது, லிஃப்டில் ஏற்றக் கூடாது என்றும் சொல்ல முடியாது. இந்திய விலங்குகள் நல வாரியம் 2015-லேயே இதைத் தெளிவாக்கிச் சுற்றறிக்கை விட்டிருக்கிறது. வாடகை வீடு வேறு கதை. ஒப்பந்தத்தில் நாய் கூடாது என்றிருந்தால் வாதாடிப் புண்ணியமில்லை. குட்டியை மறைத்துக் கொண்டுவந்து, அது குரைத்து, வீடு மாறி, கடைசியில் நாயையே யாரிடமோ தள்ளிவிட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். முதலில் வீட்டுக்காரரிடம் பேசுங்கள்.

முடி கொட்டுமா? குளிப்பாட்டத் தண்ணீர்?

கொட்டும். லேப்ரடார் அளவுக்கு இல்லை, ஆனால் சிக்கு விழும். அக்குள், காதின் பின்புறம், பின்னங்கால், இந்த மூன்று இடத்தில் தினம் பத்து நிமிஷம் சீப்பு போடாவிட்டால் ஒரு வாரத்தில் கம்பளி முடிச்சு. ஆறு எட்டு வாரத்துக்கு ஒருமுறை முடிவெட்டு. வெயிலுக்கு மொட்டை அடித்துவிடலாம் என்று தோன்றும், வேண்டாம். தோலோடு வழித்தால் வெயில் நேராகத் தோலில் படும், திரும்ப வளரும் முடி பஞ்சு மாதிரி ஆகிவிடுவதும் உண்டு. ஒரு அங்குலம் விட்டுக் கத்தரியுங்கள்.

தண்ணீர் என்று பார்த்தால், அடர்த்தியான முடியிலிருந்து ஷாம்பு முழுதாகப் போக எங்களுக்கு ஏழு எட்டு வாளி ஆகிறது. லாரித் தண்ணீரைக் குடத்தில் பிடிக்கும் தெருவில் இருந்தால் இதை யோசித்துக்கொள்ளுங்கள். மாதம் இரண்டு குளியல் போதும். அலசியபின் நன்றாகக் காய வைப்பதுதான் முக்கியம், ஈர முடியோடு விட்டால் தோலில் புண் வரும்.

நாம் சாப்பிடுவதையே போடலாமா?

சாதம், வேகவைத்த சிக்கன், முட்டை, கொஞ்சம் தயிர், வெந்த பூசணி, கேரட், இதெல்லாம் சரி. சாம்பார் சாதம் கூடாது. வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்தச் சிவப்பணுக்களை உடைத்துவிடும், சின்ன வெங்காயச் சாம்பாரில் காயை எடுத்துவிட்டாலும் சாறு அதில்தானே இருக்கிறது. திராட்சை சிறுநீரகத்தைக் கெடுக்கும், அதனால் கேசரி, பாயசம், சர்க்கரைப் பொங்கல் மூன்றும் கூடாது. சாக்லேட் கூடாது. ஞாயிற்றுக்கிழமை பிரியாணி எலும்பும் கூடாது, வெந்த எலும்பு குச்சியாக உடைந்து குடலைக் கிழிக்கும். மீன் போடலாம், முள் எடுத்துவிட்டு. காசிமேட்டுப் பக்கம் இருப்பவர்கள் மத்தியை வேகவைத்துப் போடுகிறார்கள், முடிக்கு நல்லது.

ஸ்பேனியலுக்கு வயிறு நிறைந்தது என்ற நினைப்பே வராது. அந்தக் கண்ணைப் பார்த்து இரக்கப்பட்டால் 14 கிலோ நாய் 20 ஆகும், இடுப்பும் முழங்காலும் போகும். விலா எலும்பு கைக்குத் தட்டுப்பட வேண்டும், கண்ணுக்குத் தெரியக் கூடாது. அதுதான் அளவு.

காய்ச்சல் மாதிரி இருந்தால் நம் பாராசிட்டமாலைப் பாதியாக உடைத்துக் கொடுக்கும் வேலை மட்டும் வேண்டாம்.

காவலுக்கு ஆகுமா?

குரைக்கும். திருடன் உள்ளே வந்துவிட்டால் செருப்பு எங்கே இருக்கிறது என்று காட்டும். காவல் வேண்டுமென்றால் தெருவில் பிறந்த ஒரு நாட்டு நாய்க்குட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். காது நிமிர்ந்திருக்கும், முடி குட்டை, இந்த ஊர் வெயிலுக்கே பிறந்தது. மேலே நான் எழுதிய பாதித் தொல்லை அதற்குக் கிடையாது.

குட்டியை எங்கே, எப்படி வாங்குவது?

நாங்கள் செய்த தப்பைச் சொல்கிறேன். மணிக்கு முன்னால் ஒரு குட்டி வாங்கினோம். எந்த இடம் என்பது வேண்டாம். 45 நாள் ஆகிவிட்டது, முதல் ஊசி போட்டாயிற்று என்றார்கள். தாயைக் காட்டவில்லை, "ஊர்ல இருக்கு" என்றார்கள். நாலாம் நாள் வாந்தி, அப்புறம் ரத்தமாகப் பேதி. பார்வோ என்ற வைரஸ் நோய். ஐந்து நாள் குளுக்கோஸ் ஏற்றினோம், பிழைக்கவில்லை. வாங்கியபோது அதற்கு 35 நாள்கூட இருக்காது என்று பல்லைப் பார்த்து டாக்டர் சொன்னார்.

எட்டு வாரத்துக்குக் குறைந்த குட்டியை விற்கவே கூடாது என்று 2017-இல் வந்த மத்திய அரசின் நாய் வளர்ப்பு, விற்பனை விதிகள் சொல்கின்றன. வளர்த்து விற்பவர் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும் என்பதும் அதிலேயே உண்டு. அந்தப் பதிவைக் கேளுங்கள். வீட்டுக்குப் போய்த் தாயைப் பாருங்கள். அதன் காதைத் தூக்கி முகர்ந்து பாருங்கள், வெட்கப்படாதீர்கள். தாய் அந்நியரைக் கண்டு பதுங்கினாலோ உறுமினாலோ திரும்பி வந்துவிடுங்கள், குட்டிக்கும் அந்தச் சுபாவம் வரலாம். விழித்திரை தேய்ந்து பார்வை போகும் பரம்பரை நோய் காக்கரில் உண்டு, அதற்கு டிஎன்ஏ பரிசோதனையும் உண்டு. செய்திருக்கிறீர்களா என்று கேட்டால் நல்ல ஆளின் முகம் மலரும், மற்றவர் முகம் சுருங்கும்.

நம் சென்னையில் தலைமையகம் உள்ள கென்னல் கிளப் ஆஃப் இந்தியாவின் சான்றிதழ் வம்சத்துக்குச் சாட்சி. ஆரோக்கியத்துக்கு அல்ல. வால் வெட்டிய குட்டிக்குக் கூடுதல் விலை சொன்னால் சிரித்துவிட்டு வாருங்கள், ஆட்டுகிற வால்தான் காக்கருக்கு அழகு.

மூன்று நாலு வயசுக் காக்கரைச் சமாளிக்க முடியாமல் விட்டுவிடுபவர்களும் இருக்கிறார்கள். அப்படி வரும் நாய்க்குப் பெரும்பாலும் காதுப் பிரச்சினை இருக்கும், ஆனால் சுபாவம் முன்கூட்டியே தெரிந்துவிடும். முதல் நாய் என்றால் அப்படி ஒன்றை எடுத்துக்கொள்ளத்தான் நான் சொல்வேன்.

ஊசி, லைசென்ஸ்?

ஆறு எட்டு வாரத்தில் தொடங்கி மூன்று நாலு வாரத்துக்கு ஒருமுறை, 16 வாரம் வரை பார்வோ, டிஸ்டெம்பர் ஊசிகள். மூன்று மாதத்தில் ரேபிஸ். பிறகு வருஷா வருஷம். நம் பக்கம் எலி ஜாஸ்தி, மழைத்தண்ணீர் தேங்கும், அதனால் எலிக்காய்ச்சல் ஊசியை விடாதீர்கள். உண்ணிக்கு மாத மருந்து உண்டு. இந்த நீள முடியில் உண்ணி ஒளிந்தால் கண்டுபிடிப்பதற்குள் ரத்தத்தில் உண்ணிக் காய்ச்சல் வந்துவிடும்.

மாநகராட்சி லைசென்ஸ் கட்டாயம். 2025-இல் கட்டணம் 50 ரூபாயாக இருந்தது, ஆன்லைனில் எடுக்கலாம், ரேபிஸ் ஊசிச் சான்று வேண்டும். 2025 கடைசியில் கெடுபிடி கூடி, மைக்ரோசிப்பும் லைசென்ஸும் இல்லாதவர்களுக்கு 5,000 ரூபாய் அபராதம் என்று அறிவித்தார்கள். வெளியே கூட்டிப்போனால் பெல்ட் கையில் இருக்க வேண்டும்.

உங்கள் நாயோ தெரு நாயோ, பல் பட்டால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிஷம் கழுவிவிட்டு அன்றே ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மஞ்சள், சுண்ணாம்பு எதுவும் வைக்காதீர்கள்.

உடம்புக்கு முடியாமல் போனால் நாங்கள் போவது வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி. 1903-இல் தொடங்கிய கல்லூரி. காத்திருக்க வேண்டும், ஆனால் கண், காது, தோல் என்று எல்லாவற்றையும் ஒரே வளாகத்தில் பார்த்துவிடலாம்.

மாதம் எவ்வளவு ஆகும்?

பாக்கெட் தீனி என்றால் நாளைக்குச் சுமார் 200 கிராம், மாதம் 6 கிலோ. அதன் விலையை நீங்களே கடையில் பாருங்கள். அதோடு உண்ணி மருந்து, காது மருந்து, முடிவெட்டு. எங்கள் வீட்டில் தீனிக்கு ஆவதைவிட மற்ற மூன்றுக்கும் அதிகம் ஆகிறது. 12 முதல் 14 வருஷம் இருக்கும் நாய். குட்டி விலையை மட்டும் கணக்குப் போடுபவர்கள் ஆறாம் மாதம் முழிக்கிறார்கள்.

தெரு நாய்கள்? மழை வெள்ளம்?

தெரு நாய்களோடு பகை வேண்டாம், தினம் ஒரே வழியில் ஒரே நேரத்தில் போனால் அவற்றுக்குப் பழகிவிடும். கழுத்துப் பட்டையைவிட மார்புப் பட்டை நல்லது, அவசரத்துக்கு அப்படியே தூக்கிவிடலாம்.

வெள்ளத்துக்கு, 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் வியாசர்பாடி, புளியந்தோப்பு, மணலி எல்லாம் நாட்கணக்கில் தண்ணீரில் கிடந்ததை மறக்க முடியுமா? தரைத்தளத்தில் இருப்பவர்கள் நாயின் ஒரு வாரத் தீனி, மருந்து, ஊசிச் சீட்டு மூன்றையும் ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் போட்டுப் பரணில் வையுங்கள். அந்தத் தண்ணீரில் நடந்தால் வீட்டுக்கு வந்ததும் கால், வயிறு, காது மூன்றையும் கழுவித் துடைக்க வேண்டும்.

ஊருக்குப் போனால் என்ன செய்வது?

ரயிலில் நாயை நம் கூடவே வைத்துக்கொள்ள ஏசி முதல் வகுப்பில் கூப்பே முழுவதையும் எடுக்க வேண்டும். இல்லையென்றால் பிரேக் வேனில் இருக்கும் கூண்டு. ஸ்பேனியலை அந்தக் கூண்டில் ஒரு ராத்திரி போட எனக்கு மனசு வராது. நாங்கள் மீஞ்சூரில் மாமா வீட்டில் விட்டுவிட்டுப் போவோம். ஒரு தாளில் எழுதிக் கொடுப்பது மூன்றே வரி: வெங்காயம் போடாதீங்க, சாப்பிடும்போது காதைக் கட்டிவிடுங்க, ராத்திரி ஒரு ஆளாவது ஹாலில் படுங்க. மூன்றாவது வரிக்கு மாமா முதலில் சிரித்தார். இப்போது அவரேதான் பாயை எடுத்துக்கொண்டு ஹாலுக்கு வருகிறார்.